கிழக்கு எண்ட்

"சிராஜ் ஓவர் ஓட்டுற ஆளுங்க. அவ்வளவுதான்."

2025 ஜூன் மாத முதல் வாரம், உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் பாதி டீ குடித்த நிலையில், இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது சிராஜைப் பற்றி நான் சொன்னது இது. பொழுதை ஓட்டுகிற மாதிரி, குடும்பத்தை ஓட்டுகிற மாதிரி, ஓவரை ஓட்டுவது. அந்தப் பக்கம் முதன்மைப் பவுலர் பும்ரா மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு இந்தப் பக்கம் யாராவது ஒருவர் பந்து போட்டாக வேண்டும், அந்த யாராவதுதான் சிராஜ் என்ற அர்த்தத்தில் சொன்னேன். சொன்ன வேகத்தில் எனக்கே அது பிடித்துப்போய், அடுத்த பதினைந்து நாளில் ஏழெட்டு முறையாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் அது உண்மைதானா என்று யார் பார்க்கிறார்கள்?

எங்கள் பேக்கரிச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர். எல்.ஐ.சி. ஏஜென்ட் அண்ணன் ஒருவர். கல்லாவில் இருந்துகொண்டே பேச்சில் கலந்துகொள்ளும் பாலக்காட்டுச் சேட்டன். நான். அவ்வப்போது பார்சலுக்கு வந்து பாதி விவாதத்தில் மாட்டிக்கொள்ளும் அப்பாவிகள். இங்கிலாந்துத் தொடருக்கு மே 24 அன்று அணியை அறிவித்தபோது, பும்ரா ஐந்து டெஸ்ட்டிலும் ஆட மாட்டார் என்று தேர்வுக்குழுத் தலைவர் அகர்கர் சொல்லிவிட்டார். ஷமி கிடையாது. ரோஹித்தும் கோலியும் அதே மாதம்தான் டெஸ்ட்டிலிருந்து விலகியிருந்தார்கள். அஷ்வின் போன டிசம்பரிலேயே போய்விட்டார். ஆனால் சபையில் பேட்டிங்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மூன்று டெஸ்ட் பும்ரா போடுவார், மிச்ச இரண்டில் இங்கிலாந்தின் இருபது விக்கெட்டை எடுப்பது யார்? இந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை டீயும் தீர்ந்தது.

வாத்தியாருக்கு எல்லாக் கேள்விக்கும் கபில்தேவ்தான் பதில். 131 டெஸ்ட், 434 விக்கெட், அவ்வளவு ஆட்டத்தில் அவர் ஒரே ஒரு டெஸ்ட்டில்தான் இல்லை, அதுவும் காயத்தால் அல்ல, 1984 கொல்கத்தாவில் உட்கார வைத்தார்கள். "அந்த மனுசனுக்கு முதுகே இல்லீங்களா?" என்பார். பும்ராவின் முதுகு வேறு முதுகு என்று நான் விளக்குவேன். நாலு எட்டு வைத்து வந்து, அந்தக் குட்டை ஓட்டத்தில் கிடைக்காத வேகத்தையெல்லாம் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் பிடுங்கி எடுக்கிற ஆக்‌ஷன் அது. 2023-இல் நியூசிலாந்தில் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதுகு. ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட்டில் 151.2 ஓவர் போட்டு 32 விக்கெட் எடுத்துவிட்டு, கடைசியில் சிட்னியில் இரண்டாவது இன்னிங்ஸில் பந்தையே தொட முடியாமல் உட்கார்ந்த முதுகு. வாத்தியார் கேட்டுக்கொண்டு, "கபில் அப்படியெல்லாம் உக்காந்ததில்ல" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எல்.ஐ.சி. அண்ணனுக்கு அர்ஷ்தீப் வேண்டும், இடதுகை வேண்டும், கோணம் மாற வேண்டும். (அர்ஷ்தீப் கடைசிவரை ஒரு டெஸ்ட்டும் ஆடவில்லை. குல்தீப்பும்தான், ஐந்து டெஸ்ட்டும் வெளியே உட்கார்ந்தே முடிந்தது.) சேட்டன், 2006 ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்ரீசாந்த் 40 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்த கதையைச் சொல்லாமல் யாருக்கும் மீதிச் சில்லறை கொடுப்பதில்லை. இடதுகை என்றதும் யாராவது ஒருவர் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை இழுத்துவிடுவார்கள். பிரிஸ்பேனில் ஒரே ஒரு டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட், அதோடு சரி. கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து பெருமூச்சு விடுவோம். சேகர், பாலாஜி, நடராஜன் என்று எண்ணினால், டெஸ்ட் ஆடிய நம்மூர் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடுகிற துக்கம் அது.

எனக்கு அர்ஷ்தீப்பும் வேண்டாம், ஆகாஷ் தீப்பும் வேண்டாம். சிராஜைக் குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கையில் கணக்கு வேறு இருந்தது. பும்ரா 45 டெஸ்ட்டில் 205 விக்கெட், சராசரி இருபதுக்கும் கீழே. சிராஜ் 36 டெஸ்ட்டில் 100 விக்கெட், சராசரி முப்பதுக்கும் மேலே. இது போதாதென்று ரோஹித் சர்மாவே ஜனவரியில் சாம்பியன்ஸ் டிராபி அணியைச் சொன்னபோது சிராஜ் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சொல்லியிருந்தார்: புதுப் பந்து கையில் இல்லாதபோது அவருடைய தாக்கம் குறைந்துவிடுகிறது என்று. இதை நான் சீட்டாட்டத்தில் துருப்பு இறக்குவது போலக் கடைசியில்தான் இறக்குவேன். கேப்டனே சொல்லிவிட்டார், இனி நீ யார் நான் யார்.

லீட்ஸ் முதல் டெஸ்ட்டில் நான் ஜெயித்தேன். அதாவது இந்தியா தோற்றது. 371 ரன்னை ஐந்து விக்கெட் மட்டும் இழந்து எடுத்துவிட்டார்கள். சிராஜ் 41 ஓவர் போட்டு 173 ரன் கொடுத்து இரண்டே விக்கெட். பும்ராவின் பந்தில் மட்டையாளருக்குப் பின்னால் ஸ்லிப்பிலும் கல்லியிலும் கேட்ச்சுகள் கைநழுவிக்கொண்டே இருந்ததையும், நம் கடைசி ஆட்டக்காரர்கள் இரண்டு இன்னிங்ஸிலும் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்ததையும் வசதியாக மறந்துவிட்டு, "ஓவர் ஓட்டுற ஆளு" என்று பேக்கரிக்குள் நுழையும்போதே சொன்னேன். எட்ஜ்பாஸ்டனில் பும்ரா இல்லை. சிராஜ் 70 ரன்னுக்கு ஆறு விக்கெட், ஆகாஷ் தீப் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து. 336 ரன் வித்தியாசத்தில் வெற்றி, அந்த மைதானத்தில் இந்தியாவுக்கு முதல் வெற்றி. அப்போதும் எனக்கு ஒரு பதில் இருந்தது: புது கேப்டன் கில் 269 அடித்து ரன்னைக் குவித்துக் கொடுத்தால் யார்தான் விக்கெட் எடுக்க மாட்டார்கள்? லார்ட்ஸில் 22 ரன்னில் தோற்ற அன்று, கடைசி ஆளாக நின்ற சிராஜ் நன்றாகத்தான் தடுத்தார். தடுத்த பந்து பின்னால் மெதுவாக உருண்டு போய் ஸ்டம்பைத் தொட்டது. அவர் அப்படியே குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் சபையில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். ஆனால் அந்த உச்சு வேறு, என் கருத்து வேறு.

ஓவல், பழைய பந்து

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, ஐந்தாவது டெஸ்ட்டின் கடைசி நாள். நமக்கு மதியம் மூன்றரைக்கு ஆட்டம். இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், நமக்கு நாலு விக்கெட். பும்ரா அந்த டெஸ்ட்டில் இல்லை. எனக்கு மோட்டார் பம்பு கடை. திங்கட்கிழமை என்றால் தோட்டத்துக்காரர்கள் டவுனுக்கு வருகிற நாள், கூட்டம் இருக்கும். கல்லா மேஜையில் பி.வி.சி. பசை டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து போனை நிறுத்தியிருந்தேன்.

முந்தின நாளை நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது. ஹாரி புரூக் 19 ரன்னில் இருந்தபோது பிரசித் போட்ட பந்தைத் தூக்கி அடித்தார், ஃபைன் லெக்கில் சிராஜ் பிடித்தார், பிடித்த கையோடு பின்னால் ஒரு எட்டு வைத்து எல்லைக் கயிற்றை மிதித்தார். ஆறு ரன். பந்து கையில் இருக்கிறது, கால் கயிற்றில் இருக்கிறது, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறார். புரூக் அதற்குப் பிறகு 111 வரைக்கும் போனார். அன்று ராத்திரி நான் தூங்கப் போகும்போது மனதில் எழுதி முடித்திருந்த கதை இதுதான்: உழைக்கிறான் பாவம், ஆனால் பெரிய நேரத்தில் சொதப்பிவிடுவான்.

ஆனால் எனக்குள் அதைவிடப் பெரிய ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய் ஆட்டம் நின்றபோது 76.2 ஓவர் ஆகியிருந்தது. எண்பது ஓவர் முடிந்தால் புதுப் பந்து. ஆக இன்னும் 22 பந்து. அதை எப்படியாவது ஓட்டிவிட்டால் (பாருங்கள், அதே சொல்) புதுப் பந்து எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். பழைய பந்தில் சிராஜ் எடுபட மாட்டார் என்று ரோஹித்தே சொல்லியிருக்கிறாரே. பேக்கரியில் முந்தின நாளே இதை அறிவித்தும் இருந்தேன்: "அந்த 22 பந்துதானுங்க மேட்ச்சு."

முதல் ஓவரில் பிரசித்தின் முதல் இரண்டு பந்தையும் ஓவர்ட்டன் நாலு நாலாக அடித்தார். 27 ரன்தான் மிச்சம். சரி, முடிந்தது. அடுத்து சிராஜ் வந்தார். ஜேமி ஸ்மித் மட்டையைச் சுற்றி ஒன்றிரண்டு பந்து சும்மா சீறிக்கொண்டு போயின. அப்புறம் ஒரு பந்து விளிம்பைத் தொட்டு விக்கெட் கீப்பர் ஜுரெல் கைக்குப் போனது. அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, ரெண்டரை இஞ்சு ஃபுட் வால்வு குடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தது இரண்டு இஞ்சு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே போனை எட்டிப் பார்த்து, "எத்தனை வேணும்?" என்றார். "இருபத்தேழுங்க." "நான் கேட்டது ரெண்டரை." இப்படி இரண்டு பேரும் வேறு வேறு கணக்கில் நின்றுகொண்டிருந்தோம்.

ஓவர்ட்டன் எல்.பி.டபிள்யூ. நடுவர் தர்மசேனா யோசித்து யோசித்து விரலைத் தூக்கினார், மேல்முறையீட்டிலும் தப்பவில்லை. டங் ஸ்டம்பைப் பறிகொடுத்தார், அது பிரசித்தின் பந்து. பிறகு வோக்ஸ், தோள் விலகிய இடது கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையில் மட்டையோடு இறங்கி வந்தார். பெரியவர் ஃபுட் வால்வைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவமே" என்றார். அட்கின்சன் சிராஜை ஒரு ஆறு அடித்தார், எல்லையில் ஆகாஷ் தீப் கைபட்டு வெளியே விழுந்தது. ஏழு ரன் இருந்தால் ஜெயிப்பு என்கிற நிலையில் சிராஜ் ஓடிவந்து போட்ட யார்க்கர், அட்கின்சன் வீசிய மட்டைக்கு அடியில் புகுந்து ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. ஆறு ரன் வித்தியாசம். ரன் கணக்கில் இந்தியாவின் மிக நெருக்கமான டெஸ்ட் வெற்றி. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன பிறகுதான் கவனித்தேன், கடைசியில் அவர் வாங்கிப் போனதும் அந்த இரண்டு இஞ்சுதான். மறுநாள் வந்து திட்டிவிட்டு மாற்றிக்கொண்டு போனார்.

இரவு ஸ்கோர் கார்டைத் திரும்பப் பார்த்தேன். மொத்தம் 85.1 ஓவர். எண்பதைத் தாண்டி ஐந்து ஓவர் ஆகியிருக்கிறது. அப்படியானால் புதுப் பந்து? எடுக்கவே இல்லை. நான் மேட்ச்சே அதில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன புதுப் பந்து நடுவர் கையிலேயே இருந்திருக்கிறது. நேரலையில் கண்முன்னே நடந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. 85 ஓவர் அடிபட்டு மெத்தென்று ஆகியிருந்த டியூக்ஸ் பந்தை வைத்துக்கொண்டுதான் அந்த ஆள் அன்றைய நாலில் மூன்றை எடுத்திருக்கிறார். தூக்கம் கெட்டது.

மனசு

மறுநாள் சபை ஒரே பஜனை. என் வாக்கியத்தை யாரும் எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது ஒரு நல்ல குணம் எங்கள் ஊரில். சிராஜுக்கு என்ன மனசு, என்ன நெஞ்சுரம் என்று எல்லாரும் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். புதிதாக மதம் மாறியவனுக்குத்தான் பக்தி கூடுதல். ஐந்து டெஸ்ட்டும் ஆடியவர், 185.3 ஓவர், 23 விக்கெட், தொடரிலேயே அதிகம். அப்பா ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவர், மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது இறந்தார், மகன் ஊர் திரும்பாமல் இருந்து மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆடினார். கடைசி நாள் காலையில் ரொனால்டோ படம் போட்ட 'நம்பு' என்ற வார்த்தையைப் போனில் தரவிறக்கி வைத்துக்கொண்டாராம். எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி உருகினோம்.

எல்.ஐ.சி. அண்ணன் மட்டும் பாலிசிக் கணக்குப் போடுகிற கால்குலேட்டரை எடுத்தார். "பும்ரா மூணு டெஸ்ட்டுல 119.4 ஓவர். டெஸ்ட்டுக்கு நாப்பது. சிராஜ் டெஸ்ட்டுக்கு முப்பத்தேழு. அப்ப யாருங்க அதிகமா உழைச்சது?" ஒரு நிமிடம் அமைதி. நியாயமான கணக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் சிராஜைவிட அதிகம் போட்டவர் பும்ராதான். பும்ரா இல்லாத இரண்டு டெஸ்ட்டில்தான் இந்தியா ஜெயித்தது, அதனால் பும்ரா ராசியில்லாதவர் என்று அந்த வாரம் திரிந்த பேச்சைவிட இது எவ்வளவோ மேல். அந்த ராசிப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை, கும்பிடுதான் இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் நான் வேறு கணக்குச் சொன்னேன்: ஓவலில் இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜ் போட்டது 30.1 ஓவர். அதற்கு முன்னால் அந்தத் தொடரில் 155.2 ஓவர் போட்டு முடித்திருந்தார். 155 ஓவருக்கு அப்புறம் போடுகிற முப்பது, முதல் முப்பது மாதிரியா? அண்ணன் கால்குலேட்டரை உள்ளே வைத்தார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில் மனது ஒப்பவில்லை. ஓவர் ஓட்டுற ஆள், உழைப்பாளி, மனசுக்காரன். இந்த வரிசையில் ஏதோ இடிக்கிறது. எங்கேயோ இதே வேலையை நான் ஏற்கனவே செய்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கேட்டைக் காற்று அடித்துச் சாத்தியது. அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தான்.

ஆடிக் காற்று

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி முடிகிறவரை மேற்கேயிருந்து ஒரே மூச்சாக அடிக்கும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எங்கள் கிரவுண்டு பி.ஏ.பி. பாசன வாய்க்கால் ஓரத்துப் பொட்டல். பிட்ச் கிழக்கு மேற்காக. மேற்கு எண்டிலிருந்து ஓடிவந்தால் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், சுமாரான ஆள்கூட ஃபாஸ்ட் பவுலர் ஆகிவிடலாம். கிழக்கு எண்டிலிருந்து ஓடினால் மூஞ்சியில் மண்ணடிக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரில் முட்டுகிற மாதிரி ஓட வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மூன்று சீசன் நான் அங்கே கேப்டன். மேற்கு எண்டில் நான் போடுவேன். கிழக்கு எண்டில் அவன்.

என்னைவிட மூன்று வயது இளையவன். ஒல்லி. முழங்கால்வரை மடித்துவிட்ட டிராக் பேண்ட், வலது காலில் பெருவிரல் கிழிந்த ஷூ. ரன்-அப்பில் பத்தாவது எட்டில் தலையைத் தாழ்த்திக் காற்றுக்குள் புகுவான், பந்தை விடும்போதுதான் தலை நிமிரும். வேகம் கிடையாது. ஆனால் ரன் தர மாட்டான். "போடு கண்ணு" என்று பந்தைத் தூக்கிப் போட்டால் போதும், ஏன் எப்போதும் எனக்கே இந்த எண்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்தப் பக்கம் நாலு விக்கெட், ஐந்து விக்கெட் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கோப்பைகூட ஒன்று வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

ஒரு ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அரையிறுதி ஆட்டம், பொட்டென்று காற்று நின்றுவிட்டது. இலை அசையவில்லை. காற்று இல்லையென்றால் கிழக்கு எண்டுக்குத் தனியாக ஆள் எதற்கு? வேறொரு பையனுக்குப் புதுப் பந்தைக் கொடுத்தேன். அவனுக்குக் கடைசி ஓவர் மட்டும் கொடுத்தேன், பதினாலு ரன் போனது, தோற்றோம். ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டே, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "காத்து இல்லாத அன்னைக்கு உன்னை வெச்சு என்னடா பண்றது?" என்றேன். அவன் சிரித்தான். அடுத்த சீசனுக்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் இதை மறக்கவில்லை, மறந்த மாதிரி வைத்திருந்தேன், அவ்வளவுதான். ரோஹித் சொன்னதைத் துருப்புச் சீட்டாக இறக்கியபோதெல்லாம் எனக்குள் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

எண் வாங்கி, அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டேன். நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான், பின்னால் மிஷின் சத்தம். "ங்ணா, நீங்களா!" என்றான். கல்யாணம், பையன், தறி, பனியன் எல்லாம் விசாரித்து முடித்து, சிராஜுக்கு வந்து, அங்கிருந்து மெதுவாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மிச்ச எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் எதிர்காற்றில் உன்னையே ஓடவிட்டேன், அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்ணா, நீங்க சொன்னது சரிதானுங்களே" என்றான். "காத்தில்லாம எனக்கு என்னைக்குங்க பந்து திரும்பியிருக்குது?"

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். கிழக்கு எண்டை நான் அவன் தலையில் கட்டவில்லையாம், முதல் சீசனில் அவனே கேட்டு வாங்கியதாம். மூஞ்சியில் காற்று அடித்தால்தான் அவன் பந்து தயங்கி நின்று கடைசியில் உள்ளே வரும். மேற்கு எண்டில் பின்னாலிருந்து தள்ளினால் பந்து நேராகப் போய் மட்டையில் உட்கார்ந்துகொள்ளும். "நீங்க வேகத்துக்கு அந்த எண்டை வெச்சிட்டீங்க, நான் திரும்பறதுக்கு இந்த எண்டை வெச்சிட்டேன். இதுல என்னங்க இருக்குது?" மூன்று வருடம் நான் பாரம் என்று நினைத்து அவன் முதுகில் ஏற்றியதை, அவன் ஆயுதமாகக் கையில் வைத்திருந்திருக்கிறான்.

நான் விடவில்லை. சரி, சிராஜுக்கு என்ன மனசு பார்த்தாயா என்றேன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எல்லாரும் மனசு மனசுங்கறீங்க. அந்த மணிக்கட்டைப் பாத்தீங்களாண்ணா? விரலை அகட்டிப் புடிச்சு, சீம் ஆடிக்கிட்டே போற மாதிரி விடறான். விழுந்தா உள்ள வருதா வெளிய போகுதா, அடிக்கறவனுக்குத் தெரியாது. பழைய பந்துல அதைப் போடறது லேசுங்களா? மனசு வெச்சு யார்க்கர் விழுமுங்களா?" பிறகு ஓவலில் மூன்றாம் நாள் கடைசிப் பந்தைப் பற்றிக் கேட்டான். எனக்கு விக்கெட்தான் ஞாபகம் இருந்தது, கிராலி போல்டு. அவன் பந்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னான். கில் ஒரு ஃபீல்டரை லெக் பக்கம் எல்லைக்கு அனுப்பினார். பவுன்சர் வரப் போகிறது என்று கிராலி எடையைப் பின்காலில் வைத்தார். வந்தது யார்க்கர். "அது ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டது. பவுலர் மேல நம்பிக்கை இருந்தாத்தான் கேப்டன் ஆளை நகத்துவான்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "மனசுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுங்ணா, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். மூணு சீசன்ல எனக்கு நீங்க ஒருநாளும் ஸ்லிப் நிறுத்துனதில்ல. எல்லாத்தையும் ரன் தடுக்கறதுக்கே சுத்தி நிறுத்துவீங்க. எத்தனை எட்ஜு அந்த வழியா போயிருக்கும் தெரியுமுங்களா?"

தெரியாது. நான் எண்ணியதில்லை. அந்தப் பக்கம் போன பந்துக்கெல்லாம் 'தேர்டு மேன் எங்கடா' என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பேச்சை அவனே மாற்றினான். அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் வருகிறார்கள், அகமதாபாத்தில் யாரெல்லாம் ஆடுவார்கள் என்று கேட்டான். அவனுடைய ஓட்டு அப்போதும் பும்ராவுக்குத்தான். சிராஜ் இன்னும் ஓவருக்கு ஒரு பந்தைக் காலில் போட்டுக் கொடுக்கிறார் என்றான். மணி அடித்தது, ஷிப்ட் மாறுகிற நேரம். வைக்கப் போகும்போது, "வாய்க்கால் மேட்டு வேப்பமரம் இருக்குதுங்களா?" என்றான். இருக்கிறது என்றேன். "சாயங்காலமானா அது நெழலு கரெக்டா ஃபர்ஸ்ட் ஸ்லிப் எடத்துல வந்து விழுமுங்ணா" என்றான்.

விழுமாயிருக்கும். நான் அங்கே ஆளை நிறுத்தியதில்லை.